மாணவர் விடுதி ஒன்றில் ஓராண்டு: பெற்றோர் பார்வையில்

இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் செல்லும் வழியிலுள்ள தனியார் மாணவர் விடுதி ஒன்றில் என் மகன் சென்ற ஆண்டு தங்கிப் படித்தான். மாதம் 5,500 ரூபாய்க்கு நால்வர் தங்கும் அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் தருகிறார்கள். குளிக்கும் தண்ணீர் உப்புதான். கடலோரத்தில் அதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. சமையல் உண்மையிலேயே நன்று. அங்கு வைக்கும் சூடைமீன் குழம்பை இப்போதும் வீட்டில் கேட்கிறான்.

ஒரு ஞாயிறன்று அவனைப் பார்க்கச் சென்றபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவர்கள் பெஞ்சில் அமர்ந்திருக்க, முதலாண்டுப் பிள்ளைகள் வாளியும் கரண்டியுமாக நின்றார்கள். பொரித்த சீலா மீனின் நடுத்துண்டுகள் பெஞ்சிலேயே தீர்ந்துபோக, கடைசியில் உட்கார்ந்த என் மகன் தட்டில் வால்துண்டு விழுந்தது. “இங்க இப்படித்தான்ப்பா” என்றான் தாழ்ந்த குரலில்.

‘மது அருந்தத் தடை’ என்று வாசலில் பெயின்டில் எழுதியிருக்கிறார்கள். அறைக்குள் பாட்டில் வராமல் காப்பாளர் பார்த்துக்கொள்கிறார் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் சீனியர்கள் பின்னாலுள்ள பனங்காட்டுக்குப் போய்விடுவார்கள். டாஸ்மாக்கில் வாங்கி வருவதும், டம்ளர் கழுவுவதும், தள்ளாடுபவர்களை வண்டியில் ஏற்றி வருவதும் ஜூனியர் வேலை. 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்றிருக்க, 18 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ‘ஃப்ரெட்டர்னிட்டி’ எனப்படும் ஆண் மாணவர் சங்கங்களின் இல்லங்களிலும் இதே கதைதான். அங்கும் வயது வரம்பு 21. ‘பிளெட்ஜ்’ எனப்படும் புதியவன்தான் விருந்து முடிந்ததும் கூட்டிப் பெருக்கி, போதையேறியவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ‘சொரோரிட்டி’ எனப்படும் பெண்கள் சங்கங்களின் இல்லங்கள் பெரும்பாலானவற்றில் மதுவுக்கு இடமில்லாததால் விருந்துகள் ஆண்களின் இல்லங்களுக்குப் போயின. யாரை உள்ளே விடுவது, என்ன ஊற்றுவது என்பதும் அவர்கள் கைக்கே போனது. 2017இல் பென்சில்வேனியாவில் டிமோத்தி பியாட்சா என்ற 19 வயது மாணவர், உறுப்பினராகச் சேர்ந்த இரவில் அளவுமீறிக் குடிக்கவைக்கப்பட்டு, மாடிப்படியில் விழுந்து இறந்தார்; மறு ஆண்டு அம்மாநிலம் ராகிங்குக்கு எதிரான சட்டத்தைக் கடுமையாக்கியது.

காப்பாளரிடம் இதைப் பேசியபோது, “மதிலுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பில்லை, சார்” என்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் நாவரசு 1996இல் கொலையான பின்பு, 1997இல் தமிழ்நாடு கொண்டுவந்த ராகிங் தடைச் சட்டம் கல்வி நிலையத்துக்கு உள்ளே, வெளியே என்று பேதம் பார்ப்பதில்லை. ஒரு மாணவன் தானாக விரும்பிச் செய்யாத காரியத்தைச் செய்யச் சொல்வதே ராகிங் என்கிறது. சட்டத்தைச் சொன்னதும் அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இவ்வாண்டு மகனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன்; முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கே பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள் அறையைப் பார்க்கப் பகல் உணவு நேரத்தில் போக வேண்டும். காலை பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். அப்போது பெஞ்சுகள் காலியாக இருக்கும்.