பேங்க் பிடிக்கிற காசுக்கு மாற்று எங்கே? மதுரையில் இருக்கிற வழிகளை எடைபோட்டால்

ஏடிஎம்மில் இலவச எண்ணிக்கை தாண்டினால் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடித்துக்கொள்ளலாம் என்று 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. அதற்கு முன்பு 21, அதற்கும் முன்பு 20. மேலே 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 27 ரூபாய் 14 காசு ஆகிறது. அவசரத்துக்கு 500 ரூபாய் எடுக்கிற ஆளுக்கு இது நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்கும் மேல். அதே ஆள் அந்த 500 ரூபாயை வருஷம் முழுக்க அந்தக் கணக்கிலேயே விட்டுவைத்திருந்தால் பெரிய வங்கிகள் பலவும் இரண்டரை சதவீதம்தான் வட்டி தரும். பன்னிரண்டரை ரூபாய்.

என் சித்தி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியக்காலை உதிரிப்பூ எடுத்து, வீட்டில் கட்டி, சாயங்காலம் முழம் போட்டு விற்கிறவர். கணக்கு ஒரு தனியார் வங்கியில். பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார். எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு வரி, கார்டு ஆண்டுக் கட்டணம் ஒரு வரி, குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு அபராதம் ஒரு வரி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஜிஎஸ்டி தனியாக. எல்லாம் இங்கிலீஷ் சுருக்கத்தில். "நான் எடுக்கலையேப்பா, இம்புட்டையும் யாரு எடுத்தது?" என்று கேட்டார். அன்றைக்குத் தேட ஆரம்பித்ததுதான் இந்த அலசல். பெரிய சம்பளக்காரருக்கு இது உதவாது. அவருக்கு வங்கியே எல்லாக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்துவிடும். முகூர்த்த நாளில் கை நிறையப் பணம், ஆடியில் வறட்சி என்று ஏறி இறங்குகிற வருமானக்காரர்களை மனதில் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறேன்.

பேங்கை விடாமலே தப்பிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் அபராதம் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாத சராசரி இருப்பு. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் கிடக்கிற தொகையைக் கூட்டி, அந்த மாதத்து நாட்களால் வகுக்கிறார்கள். 5,000 ரூபாய் சராசரி வேண்டும் என்றால், 30 நாளும் 5,000 கிடக்கலாம். அல்லது 15 நாள் 10,000 கிடந்து மீதி நாள் காலியாக இருக்கலாம். முகூர்த்தப் பணம் வந்த அன்றே துடைத்து எடுத்துவிடுகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

அபராதம் போடுவதற்கும் விதி உண்டு. 2015 ஏப்ரலிலிருந்து, இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாத அவகாசமாவது கொடுக்க வேண்டும். குறைகிற தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதம் போட வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. இயங்காமல் கிடக்கும் கணக்கில் இந்த அபராதமே கூடாது. தகவல் சொல்லாமல் பிடித்திருந்தால் கிளையில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள், புகாருக்குக் கட்டணம் கிடையாது.

இதைவிடச் சுலபமான வழி ஒன்று கவுன்டரில் யாரும் சொல்லாமலே கிடக்கிறது. அடிப்படை சேமிப்புக் கணக்கு. 2012-லிருந்து எல்லா வங்கிகளும், தனியார் உட்பட, இதைக் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்ச இருப்பு பூஜ்யம். ஏடிஎம் கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் இல்லை. பணம் போடுவதற்குக் கணக்கே இல்லை, எடுப்பது மாதம் நான்கு முறை இலவசம். ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். ஆனால் ஜன்தன் ஏழைகளுக்கு மட்டும், உங்களுக்குக் கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். வருமான வரம்பு எதுவும் இதற்கு இல்லை. 50,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது என்றும் பயமுறுத்துவார்கள். அந்த வரம்பு, சரியான ஆவணம் இல்லாமல் திறக்கிற 'சிறு கணக்கு' வகைக்கு மட்டும்தான். ஆதாரும் பான் கார்டும் கொடுத்துத் திறந்தால் அந்தக் கட்டு இல்லை. ஏற்கெனவே இருக்கிற கணக்கையே இந்த வகைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். முக்கிய நிபந்தனை, அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது.

மாற்றித்தர இழுத்தடித்தால் வங்கியையே மாற்றிவிடலாம். ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை நிறுத்தியது. 2025 ஜூனில் கனரா வங்கியும், ஜூலையில் பஞ்சாப் நேஷனல், இந்தியன் வங்கிகளும் அதே வழிக்கு வந்தன. அதே 2025 ஆகஸ்டில்தான் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் 50,000 வைக்க வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 15,000-க்கு இறங்கியது. இந்த ஒரு விஷயத்தில் அரசு வங்கியும் தனியார் வங்கியும் வெவ்வேறு திசையில் போகின்றன. சித்தி மாதிரி ஆட்களுக்குத் தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஏடிஎம் விஷயத்தில் ஒன்று. மதுரை மெட்ரோ நகரப் பட்டியலில் இல்லை. அதனால் சொந்த வங்கி ஏடிஎம்மில் ஐந்து, பிற வங்கி ஏடிஎம்மில் ஐந்து என மாதம் பத்து முறை நமக்கு இலவசம். சென்னையில் பிற வங்கியில் மூன்றுதான். ஆனால் பிற வங்கி ஏடிஎம்மில் பேலன்ஸ் பார்ப்பதும் ஒரு முறையாகக் கணக்காகும். அங்கே பேலன்ஸ் பார்த்துவிட்டு அப்புறம் எடுக்கிற பழக்கம் உள்ளவருக்கு அந்த ஐந்து இரண்டாகச் சுருங்கிவிடும்.

தபால் ஆபீஸ்

அஞ்சலக சேமிப்புக் கணக்கை நான் மனதார சிபாரிசு செய்கிறேன். 500 ரூபாய் இருந்தால் போதும். வட்டி 4 சதவீதம். நிதியாண்டு முடிவில் 500-க்குக் குறைந்திருந்தால் பிடிப்பது ஆண்டுக்கு 50 ரூபாய். மாதாமாதம் அபராதம் என்ற பேச்சே இல்லை. போட்ட பணம் முழுவதுக்கும் மத்திய அரசின் உத்தரவாதம். வங்கி மூழ்கினால் காப்பீடு 5 லட்சம் வரைதான்.

வட்டி போடும் முறை மட்டும் வேறு. வங்கி ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி போடும். தபால் ஆபீஸில் மாதம் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த ஆகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி. பணம் போடுவதானால் 10-க்குள் போட்டுவிட வேண்டும். எடுப்பதானால் அடுத்த மாதம் முதல் வாரம்வரை பொறுத்தால் லாபம்.

குறை இல்லாமல் இல்லை. ஏடிஎம் கார்டு வாங்கினால் அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. தபால் ஆபீஸ் ஏடிஎம்கள் குறைவு. சர்வர் படுத்துக்கொண்டால் அன்றைக்கு வேலை நடக்காது. ஜிபே, போன்பேயில் இந்தக் கணக்கை நேராகச் சேர்க்க முடியாது. அதற்கு இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று திறந்து இரண்டையும் இணைக்க வேண்டும். 2018 செப்டம்பரில் தொடங்கிய அந்த வங்கியில் நாள் முடிவில் 2 லட்சத்துக்கு மேல் நிற்காது. மிஞ்சுவது இணைத்த தபால் கணக்குக்குப் போய்விடும். கடன் தர அதற்கு அனுமதியே இல்லை. அதை க்யூஆர் ஸ்கேனுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்து வருஷ ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் சேமிப்பு, மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். 6.7 சதவீதம் தருகிறார்கள். மகளிர் முகவர் அக்கா வீட்டுக்கே வந்து வாங்கிப் போவார். பூக்கட்டுகிற, இட்லிக்கடை போடுகிற பெண்களிடம் சேமிப்பு என்று ஒன்று இருக்கிறதென்றால், நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இந்த அக்காக்கள் படியேறி வந்து வாங்கிச் சேர்த்ததுதான். ஒன்று மட்டும்: காசு கொடுத்தால் பாஸ்புக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று அடிக்கடி வாங்கிப் பாருங்கள்.

கூட்டுறவு

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் 'சொசைட்டி' என்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம். பயிர்க்கடன் வாங்கி தவணைக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அதை எந்த வணிக வங்கியும் தராது. விவசாயிக்கு அது முதல் வாசல்.

ஆனால் கடன் வாங்குவது வேறு, பணம் போட்டு வைப்பது வேறு. மதுரை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியில் போட்டால் 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கிராமத்துச் சங்கத்தில் போடும் டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது; சங்கம் ரிசர்வ் வங்கியின் கீழும் வராது. இரண்டிலும் 'கூட்டுறவு' என்றே போர்டு இருப்பதால் ஊரில் பலருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. 2021-ல் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி அறிவித்துச் சங்கங்களைச் சோதித்தபோது போலி நகைக்குக் கடன் கொடுத்த முறைகேடுகள் வெளியே வந்தன. நல்ல செயலர் இருக்கிற சங்கம் ஊருக்கே பலம். செயலரை நம்பித்தான் டெபாசிட் என்றால் எனக்கு உடன்பாடில்லை.

களஞ்சியம்

வங்கிக்கு மாற்று என்ற பேச்சு வந்தாலே மதுரைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார ஒரு காரணம் இருக்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் 1990-ல் இந்த மண்ணில் தொடங்கியது. பெண்கள் கூடி வாரமோ மாதமோ சிறு தொகை போட்டு, சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகச் சுழற்றுகிற முறை. வட்டி குழுவுக்கே திரும்பி வரும். அழகர்கோவில் பக்கத்துக் கிராமத்துச் சின்னப்பிள்ளை அம்மா இதன் முகமாக அறியப்பட்டவர். ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. கூலிவேலை பார்த்த, பள்ளிக்கூடம் போகாத ஒரு பெண் பணத்தை நிர்வகிக்கிற தலைவியானார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கந்துவட்டிக்காரனிடம் போகாமல் காக்கிற அரண் இது. 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் காலையில் 900 கொடுத்துச் சாயங்காலம் 1,000 வாங்குகிற தண்டல் மார்க்கெட்டில் இன்னும் ஓடுகிறது. அதோடு ஒப்பிட்டால் குழுக் கடனுக்கு நூற்றுக்கு மாதம் ஒன்றோ ரெண்டோ கொடுப்பது பெரிய விடுதலை. வங்கி எந்தக் கட்டணத்தைக் குறைத்தாலும் சித்திக்கு நாளைக்கே 5,000 ரூபாய் கடன் தராது. குழு தரும். நினைத்த நேரத்தில் எடுக்கிற பணத்தை வைக்கத்தான் குழு தோதுப்படாது. உங்கள் சேமிப்பு இன்னொருத்தி வீட்டுக் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கடனாகப் போயிருக்கும்.

சீட்டும் நிதியும்

பதிவு செய்த சீட்டில், சீட்டுத் தொகை முழுவதுக்கும் நிறுவனம் பதிவாளரிடம் ஈடு கட்டியிருக்க வேண்டும். கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தக் கமிஷனும் வங்கி பிடிக்கிற எல்லாக் கட்டணத்தையும் விட அதிகம் என்பதைக் கணக்கில் வையுங்கள். தெருவில் பதிவில்லாமல் பிடிக்கிற ஏலச்சீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வேண்டாம்.

நிதி நிறுவனங்கள் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'நிதி' என்று பதிவான கம்பெனி உறுப்பினரிடம் மட்டும்தான் டெபாசிட் வாங்கலாம், 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது, வைப்புக் காப்பீடு கிடையாது. மாதம் நூற்றுக்கு மூன்று, நான்கு தருகிறோம் என்று யாராவது வந்தால் அவர் நிதி விதியிலும் இல்லை, வேறு எந்த விதியிலும் இல்லை. டெபாசிட் மோசடிகளுக்காகத் தமிழ்நாட்டில் 1997-ல் தனிச்சட்டம் போட்டு, மதுரையில் சிறப்பு நீதிமன்றமே நடக்கிறது. அங்கே நிற்கிறவர்களில் வங்கி வருஷம் 500 ரூபாய் பிடித்ததால் நொந்துபோய், முதலையே பறிகொடுத்தவர்களும் உண்டு.

சித்திக்கு என்ன செய்தோம்?

அரசு வங்கி ஒன்றில் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கு. க்யூஆர் ஸ்கேன் அதில். யூபிஐயில் பணம் வாங்கவும் கொடுக்கவும் அவருக்குக் கட்டணம் எதுவும் இல்லை. தபால் ஆபீஸில் சேமிப்புக் கணக்கும் ஆர்டியும். கடன் தேவைக்குத் தெருக் குழு. நிதி, சீட்டு இரண்டும் கிடையாது.

பழைய கணக்கை மூடப் போகும்போது ஒரு சிக்கலைக் கவனித்தோம். மகளிர் உரிமைத் தொகை அதில்தான் வந்துகொண்டிருந்தது. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கிய உடனேயே, வந்த ஆயிரத்தில் வங்கிகள் அபராதம் கழித்துக்கொண்டதும், நிதியமைச்சர் தங்கம் தென்னரசு கண்டித்ததும் நினைவிருக்கும். கேஸ் மானியம் போன்றவை ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் போகும். அதனால் புதிய வங்கியில் ஆதார் இணைப்புப் படிவம் கொடுத்து, அடுத்த மாதத் தொகை அங்கே வந்து விழுந்த பிறகுதான் பழையதை மூட எழுதிக் கொடுத்தோம். கணக்கு தொடங்கி ஒரு வருஷம் தாண்டியிருந்ததால் மூடுவதற்குக் கட்டணம் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் மூடுவதென்றால் சில வங்கிகள் அதற்கும் பிடிக்கும், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மீதிச் செக் தாளையும் கார்டையும் வெட்டி அவர்களிடமே கொடுத்து, கணக்கு முடிந்ததற்கு பாஸ்புக்கில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.