தொண்டைத் தசை ஊசி: நாலு முறை போட்டுக்கொண்ட பிறகு

நண்பர் ஒருவர் தன் மாமனாருக்காகக் கேட்டார்: "தொண்டைல போடுற அந்த போடாக்ஸ் ஊசி கேக்குதாண்ணே?"

கேட்கிறது. நாலு முறை போட்டுக்கொண்டவன் சொல்கிறேன். ஆனால் நாலாவது ஊசி போட்டுப் பதினோராவது வாரம் நடக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பக்கவாதத்துக்கு அப்புறம் தலைசுற்றலும் தள்ளாட்டமும் சரியாகிவிட்டன. விழுங்குவது மட்டும் திரும்பவில்லை. உணவுக்குழாயின் வாசலில் உள்ள தசை, விழுங்கும்போது தளர்ந்து வழிவிட வேண்டும். எனக்கு விடவில்லை. அந்தத் தசையைத் தளர்த்தத்தான் இந்த போடாக்ஸ் மருந்து. சாப்பாடு வயிற்றுக் குழாய் வழியாக. எச்சில்கூட இறங்காததால் ராப்பகலாகக் கையில் ஒரு டம்ளர், துப்புவதற்கு. பேத்தி மடியில் உட்கார மாட்டாள்.

முதல் ஊசி மயக்கம் கொடுத்து, எண்டோஸ்கோபி வழியாக. அடுத்த மூன்றும் நான் விழித்திருக்கும்போதே, அல்ட்ராசவுண்ட் பார்த்து. கழுத்தில் அந்த இடத்தில் பெரிய ரத்தக்குழாய், தைராய்டு, குரல் நரம்பு எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மருந்து பக்கத்துத் தசைக்குக் கசிந்தால் விழுங்குவது இன்னும் மோசமாகும், குரலும் கம்மும். அதனால் பார்த்துப் போடுவதுதான் நியாயம்.

தசையின் மின்னோட்டத்தைச் சத்தமாகக் கேட்கவும் அந்த ஊசியில் வசதி இருந்தது. ஸ்பீக்கரில் அடைமழை மாதிரி இரைச்சல். "விழுங்குங்க" என்றார் டாக்டர். சத்தம் கொஞ்சம் தாழ்ந்தது, நிற்கவில்லை. "நிக்கணும், அதான் பிரச்சினை" என்றார். பத்து மாதமாக என்னைப் படுத்திய தசையை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

ஒரு வாரம் ஒன்றும் தெரியாது. பத்தாம் நாள் காலையில் டம்ளர் காய்ந்து கிடந்தது. அப்புறம் குழைந்த ரசம் சாதம், அப்புறம் காபி. அந்த முதல் மடக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

என் ஆத்திரமெல்லாம் இந்த 12 வாரக் கணக்கின் மேல்தான். எனக்குப் பத்து வாரத்தில் பலம் இறங்கிவிடுகிறது. அடிக்கடி போட்டால் உடம்பு எதிர்ப்பை வளர்த்துக்கொண்டு, மருந்து கேட்காமலே போகலாம் என்று 12 வாரத்துக்குள் போடுவதில்லை. போட்டாலும் வேலை செய்ய இன்னும் பத்து நாள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வாரத்துக்கு மேல் டம்ளரும் குழாயும்தான். டாக்டர் மேல் குற்றமில்லை, அவர் சொல்வது சரி. 100 யூனிட் குப்பியை முழு விலைக்கு வாங்கி, பாதியைப் போட்டு மீதியைக் கொட்டுவதும் வயிற்றெரிச்சல்.

மாமனாருக்கு முதலில் பேரியம் குடிக்க வைத்து எடுக்கும் வீடியோ எக்ஸ்ரே பார்க்கச் சொல்லுங்கள். தொண்டைக்குத் தள்ளும் பலமே இல்லையென்றால் வாசலைத் திறந்தும் பெரிய பயனில்லை. பலம் இருந்தால், ஸ்கேன் பார்த்துப் போடும் இடமாகப் போங்கள்.

நான் ஐந்தாவது போடுவதாக இல்லை. வியாழக்கிழமை போய், அந்தத் தசையை வெட்டிவிடும் ஆபரேஷன் பற்றிக் கேட்கப்போகிறேன். இதை எழுதி முடிப்பதற்குள் டம்ளரை இரண்டு தடவை கழுவிவிட்டேன்.