யார் சொன்ன புத்தகம்? வாசகர் குழுவொன்றுடன் நெடுநாள் அனுபவம்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த வாசகர்கள் ஒருவருக்கொருவர் நூல்களைப் பரிந்துரைக்கவும் வாசித்ததைப் பற்றிப் பேசவும் நடத்திவரும் வட்ஸ்அப் குழுவொன்றில், 2020 மார்ச் மாத ஊரடங்குக் காலம் தொட்டு உறுப்பினராக இருக்கிறேன். அதற்கு முன்பிருந்தே, வாசகர்கள் நூல்களுக்கு மதிப்பீடு இடும் குட்ரீட்ஸ் இணையத்தளத்திலும் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு நூலை வாங்குவதா, இரவல் கேட்பதா, விட்டுவிடுவதா என்று முடிவெடுக்க இவ்விரண்டும் எனக்கு எந்த அளவுக்கு உதவின என்பதையே இங்கு எழுதுகிறேன். இத்தகைய குழுவொன்றைத் தொடங்கும் எண்ணம் எங்கள் பகுதியில் இன்னும் சிலருக்கு இருப்பதால், குறைகளையும் உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

குட்ரீட்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2007 இல் தொடங்கி 2013 இல் அமேசன் நிறுவனத்தின் கைக்கு மாறிய அத்தளத்தில் ஒரு நூலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடலாம். அரை நட்சத்திரம் கிடையாது. மூன்று நட்சத்திரம் என்றால் நூல் பிடித்திருந்தது என்பதே அத்தளம் தரும் பொருள். நம்மவர்களோ மூன்றைக் கண்டால் முகம் சுருக்குவார்கள். அறுபது புள்ளி வாங்கிய பிள்ளையை ஏன் தொண்ணூறு வாங்கவில்லை என்று கேட்டுப் பழகிய சமூகம் இது. ஆயிரக்கணக்கானோர் மதிப்பிட்ட ஆங்கில நாவலொன்றை எடுப்பதற்கு முன் அந்தச் சராசரியைப் பார்ப்பதில் பயன் உண்டு. நான் இன்றும் பார்க்கிறேன். ஆனால் கல்முனையிலோ ஏறாவூரிலோ வெளியான ஒரு கவிதைத் தொகுப்புக்கு நால்வர் மதிப்பீடு இட்டிருப்பார்கள், நால்வரும் ஐந்து நட்சத்திரம் தந்திருப்பார்கள், அவர்களில் மூவரின் பெயர் நூலின் நன்றியுரையிலேயே இருக்கும். அங்கே சராசரியைக் கொண்டு செய்வதற்கு எதுவுமில்லை.

குழுவில் நட்சத்திரம் இல்லை, ஆனால் சொல்பவர் யார் என்பது தெரியும். அக்கரைப்பற்றில் வங்கியொன்றில் வேலை செய்யும் தம்பி ஒருவர் துப்பறியும் கதைகளைத் தவிர வேறெதையும் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவரல்லர். அவர் ஒரு தடித்த வரலாற்று நாவலை இரண்டு இரவில் முடித்துவிட்டேன் என்று எழுதினால், அந்த நாவலின் ஓட்டத்தைப் பற்றி அதற்கு மேல் எனக்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை. செங்கலடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை மொழிபெயர்ப்புகளை வரிவரியாகப் பார்ப்பவர். தமிழ் உறுத்தவில்லை என்று டீச்சர் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். இன்னொருவர் புகழும் நூல்கள் எனக்கு ஒருபோதும் சரிவந்ததில்லை என்பதால், அவர் திட்டும் நூல்களைத் தேடிப் பிடிப்பேன். அந்த வழியிலும் எனக்கு நல்ல நாவல்கள் கிடைத்திருக்கின்றன. பரிந்துரையின் பெறுமதி இங்கே பாராட்டுச் சொற்களில் இல்லை, அதைச் சொல்பவரின் வாசிப்புப் பழக்கம் நமக்கு எவ்வளவு தெரியும் என்பதில்தான் இருக்கிறது. 2022 இல் வட்ஸ்அப் குழுக்களின் உறுப்பினர் எல்லை 256 இலிருந்து படிப்படியாக 1,024 வரை உயர்த்தப்பட்டபோது, குழுவைப் பெருப்பிக்க வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நிர்வாகிகள் இணங்கவில்லை. அன்று அது எனக்குக் கஞ்சத்தனமாகத் தெரிந்தாலும், ஒருவரது ருசி இன்னொருவருக்குப் பிடிபடுவதற்கு மாதக்கணக்காகும் என்பதை நினைத்தால் அதுவே சரியான முடிவு என்று இப்போது தோன்றுகிறது.

எதிர்வினை என்ற வகையில் நான் அங்கே கண்ட மிகச் சிறந்தது, வயலைக் களமாகக் கொண்ட ஒரு நாவலுக்கு வந்தது. நாவலாசிரியர் எங்கள் பகுதியைச் சேர்ந்தவர் அல்லர். நூலைப் பரிந்துரைத்தவர் வழக்கம்போல மண்வாசனை, உயிரோட்டம், அவசியம் வாசிக்க வேண்டிய நூல் என்று எழுதியிருந்தார். சம்மாந்துறையில் வேளாண்மை செய்யும் காக்கா (முஸ்லிம்கள் வழக்கில் அண்ணன்) ஒருவர், குழுவில் பெரும்பாலும் வாய் திறவாதவர், நூலை இரவல் வாங்கி வாசித்துவிட்டுப் பதில் எழுதினார். வயற் சொந்தக்காரரான போடியாருக்கும் அவரது வயலில் வேலை செய்யும் முல்லைக்காரனுக்கும் இடையிலான பேச்சு அப்படியே கண்ணால் கண்டதுபோல இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு, நாவலில் ஆனி மாதத்தில் சிறுபோகக் கதிருக்கு, அதாவது ஆண்டின் சிறிய பருவ நெற்கதிருக்கு, மழை வருமா என்று எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தியாயத்துக்கு வந்தார். கிழக்கில் அந்த மாதத்தில் மழையை நம்பி எவரும் விதைப்பதில்லை, சிறுபோகம் முழுவதும் குளத்து நீரிலேயே நடக்கிறது, சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது, வாய்க்காலை எப்போது திறப்பார்கள், எங்கள் கண்டத்துக்கு (வயற்பகுதிக்கு) முறை எந்த நாளில் வரும் என்பவையே அக்காலத்துப் பேச்சு, நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையின் வாசலில் நடக்க வேண்டிய சண்டையை இவர் வானத்தோடு நடத்திவிட்டார் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: “ஆனாலும் தம்பி, கதைய விடாம வாசிங்க, அந்த உம்மாட பாத்திரம் பொய்யில்ல.” பரிந்துரைத்தவருக்கு முதலில் சுருக்கென்றது உண்மை. ஆனால் அந்த எதிர்வினைக்குப் பிறகுதான் அந்த நாவலுக்கு இரவல் வரிசையே உருவானது. நானும் வாசித்தேன், வானம் பார்க்கும் அத்தியாயம் வந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

இத்தகைய எதிர்வினை அரிதாகவே வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியில் எழுதுபவர், பதிப்பிப்பவர், விமர்சிப்பவர், வாசிப்பவர் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். பாதிப்பேர் உறவினர்கள் அல்லது ஒரே பாடசாலையில் கற்பித்தவர்கள். நூல் வெளியீட்டு விழா என்றால் முதற்பிரதியை ஒரு பிரமுகர் பெறுவார், பிறகு சிறப்புப் பிரதிகளுக்குப் பெயர்கள் வாசிக்கப்படும், கடித உறைக்குள் பணத்தை வைத்துக்கொடுத்துவிட்டு நூலோடு படம் எடுத்துக்கொண்டு இறங்குவோம். அந்தப் படம் அன்றிரவே குழுவுக்கு வரும், கூடவே பாராட்டும் வரும். அட்டையைத் திறக்க முன்பே பரிந்துரை எழுதப்பட்டுவிடுகிறது. கலியாண வீட்டு மொய்க்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை; இரண்டும் கொடுக்க வேண்டியவை, இரண்டுக்கும் கணக்கு உண்டு. இதைச் சொன்னதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்களும் உண்டு.

குழுவில் இதற்கென இரண்டு விதிகள் கொண்டுவரப்பட்டன. எழுதியவர் தன் நூலைத் தானே பரிந்துரைக்கக்கூடாது என்பது ஒன்று. வெளியீடு நடந்த மாதத்தில் அந்த நூலைப் பற்றி யாரும் எழுதக்கூடாது என்பது மற்றது. முதலாவது விதியால் பெரிய பயன் விளையவில்லை, ஏனெனில் எழுதியவரின் மைத்துனர் குழுவில் இருப்பார். இரண்டாவது நன்றாகவே வேலை செய்தது. ஒரு மாதம் கழிந்த பின்னும் ஒரு நூலைப் பற்றி எழுதுபவர், பெரும்பாலும் அதை உண்மையிலேயே வாசித்தவராக இருக்கிறார்.

பரிந்துரையை நம்பிய பிறகு நூல் கையில் கிடைக்க வேண்டுமே. இலங்கையில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் 300, 500 என்ற அளவிலேயே அச்சாகின்றன. விழா முடிந்தால் எஞ்சிய கட்டுகள் ஆசிரியரின் கட்டிலுக்குக் கீழே போய்விடும். இந்தியாவிலிருந்து வரும் நூல்களின் கதை வேறு. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாயின் பெறுமதி சந்தையின் போக்குக்கு மிதக்கவிடப்பட்டதைத் தொடர்ந்த மாதங்களில் இந்திய ரூபாய் ஒன்று ஏறத்தாழ 2.70 இலிருந்து 4.60 இலங்கை ரூபாய் வரை ஏறியது. அட்டையில் 300 இந்திய ரூபாய் என்றிருக்கும் நாவலொன்றுக்கு 810 ரூபாய் ஆகியிருந்த இடத்தில் 1,380 ரூபாய், அதுவும் கப்பல் கூலியும் கடைக்காரர் இலாபமும் சேராமல். மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் இருந்த அந்த ஆண்டில் குழுவில் பரிந்துரைகள் குறையவில்லை, ஆனால் ஒவ்வொரு பரிந்துரைக்கும் கீழே “பிரதி யாரிடம்?” என்ற கேள்வி மட்டும் வரத் தொடங்கியது. அப்போதுதான் பல்கலைக்கழக மாணவி ஒருவர் கூகுளில் ஒரு அட்டவணையைத் திறந்து, நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பரிந்துரைத்தவர், பிரதி இருக்கும் ஊர் என்று நிரல்கள் இட்டார். கடைசி நிரலுக்குத்தான் மதிப்பு. களுவாஞ்சிக்குடியில் இருக்கும் நூல் நிந்தவூருக்குப் போக வேண்டுமென்றால், செய்தித்தாளில் சுற்றி, மேலே பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி, கல்முனைப் பக்கம் போகும் பஸ் நடத்துனரிடம் கொடுத்துவிடுவோம். மறுமுனையில் ஒருவர் தரிப்பிடத்தில் நின்று வாங்கிக்கொள்வார்.

அந்த அட்டவணை இல்லாவிட்டால் பழைய பரிந்துரைகள் எல்லாம் மறைந்துபோயிருக்கும். அட்டைப் படமாகவும் குரல் பதிவாகவும் வந்தவற்றைத் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து கண்டுபிடிக்க முடியாது. நாங்கள் தொடங்கிய காலத்தில் புதிதாக இணைபவருக்குப் பழைய செய்திகள் எதுவும் தெரிவதில்லை. நிமிடக்கணக்கில் நீளும் குரல் பதிவுகள் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகின்றன. வாசகர் ஒருவர் நாலு வரி எழுதச் சோம்பல்படுவானேன்?

அச்சில் இல்லாத நூல்களைப் பொறுத்தவரை, 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்னும் எண்ணிம (டிஜிட்டல்) நூலகத் திட்டம் எங்கள் உரையாடலின் தன்மையையே மாற்றியது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் அங்கே வெளியீட்டாளர், ஆண்டு, பக்கங்கள் முதலிய விவரங்களோடு இலவசமாக வாசிக்கலாம். பரிந்துரையோடு இணைப்பும் வந்தால், அன்று மாலையே பத்துப் பக்கமாவது வாசித்துவிட்டுப் பேச ஆள் இருக்கும். இல்லையென்றால் பேச்சு பாராட்டோடு நின்றுவிடும். இதற்கு மறுபக்கமும் உண்டு. விற்பனையில் இருக்கும் நூல்களின் திருட்டுப் பிடிஎஃப் கோப்புகளும் குழுவுக்கு வந்தன. நிர்வாகிகள் அழித்தார்கள், தனிச்செய்தியில் அவை தொடர்ந்து கைமாறுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும்.

மிகக் கடினமான காலம், கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் பலர் கொல்லப்பட்ட 1990 ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும் நினைவுக்குறிப்புகளும் கதைகளும் பரிந்துரைக்கப்பட்டபோது வந்தது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் குழு இது. அந்த ஆண்டில் இரு தரப்பிலும் குடும்பத்தவரை இழந்தவர்கள் இதில் இருக்கிறார்கள். ஒருவர் ஒரு நூலைச் சொன்னால், மற்றவர் அதற்குப் பதிலாக இன்னொரு நூலைச் சொல்வார். நூல்கள் வாசிக்கப்படாமல், ஒருவரையொருவர் தாக்கும் கற்களைப் போல எறியப்பட்டன. சில வாரங்கள் குழுவை நிறுத்தியே வைத்திருந்தார்கள். மீண்டும் திறந்தபோது, இத்தகைய நூலைப் பற்றி எழுதுபவர் முழுவதும் வாசித்திருக்க வேண்டும், எந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பதைக் குறிப்பிட வேண்டும், வேறிடத்திலிருந்து வந்த எதையும் முன்னனுப்பக் கூடாது என்று வைத்தார்கள். அதன் பின் ஒரே நினைவுக்குறிப்பைக் காத்தான்குடியிலிருந்து ஒருவரும் ஆரையம்பதியிலிருந்து ஒருவரும் வாசித்து எழுதினார்கள். அடுத்தடுத்த ஊர்கள். இருவரும் ஒரே பக்கத்தில் நின்று, அங்கே எழுதப்படாத ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒருவரது கேள்விக்கு மற்றவரிடம் பாதிப் பதில் இருந்தது. எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. அப்படிப்பட்ட நூல்களைப் பற்றி இப்போது குறைவாகவே எழுதுகிறார்கள், ஆனால் எழுதுபவர்கள் வாசித்துவிட்டு எழுதுகிறார்கள்.

பெண்கள் இக்குழுவில் கணிசமாக இருந்தும் பொதுவில் எழுதுவோர் சிலரே. நூலை முடித்தவுடன் நிர்வாகியான அக்காவுக்குத் தனியாக நீண்ட செய்தி வரும். ஏன் குழுவில் போடவில்லை என்றால், அண்ணர் இருக்கிறார், பாடசாலை அதிபர் இருக்கிறார், என்ன நினைப்பார்கள் என்ற பதில் வரும். காதலும் தாம்பத்தியமும் பேசும் நாவல்கள் குறித்து நேர்மையான எதிர்வினைகள் அந்தத் தனிச்செய்திகளில்தான் கிடந்தன. எழுதியவரின் சம்மதத்தோடு பெயரை நீக்கிக் குழுவில் இடலாம் என்று பின்னர் முடிவானது. பெயர் போனால் யார் சொன்னது என்பதும் போய்விடுமே என்று நான் ஐயப்பட்டேன். அதற்கு அக்கா கண்ட வழி எளிமையானது: ஒவ்வொரு பெயரில்லாக் குறிப்பின் தலையிலும், எழுதியவர் கடைசியாக விரும்பி வாசித்த நூல் எது, பாதியில் மூடிவைத்த நூல் எது என்று இரண்டு வரி இருக்க வேண்டும். பெயரைக் காட்டிலும் அந்த இரண்டு வரி எனக்குப் பயன்படுகிறது. பாதியில் மூடியவற்றின் பட்டியலில் என் விருப்ப நூல் இருந்தால் அந்தக் குறிப்பை மெதுவாகத் தாண்டிப் போய்விடுவேன். இது யார் எழுதியது, எந்த ஊர்ப் பிள்ளை என்று ஒவ்வொரு முறையும் தவறாமல் விசாரிக்கும் அண்ணர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு அக்கா பதில் சொல்வதில்லை.