கனடாவிலிருந்து வந்த சாம்சங்கை ரூட் பண்ணக் கொடுக்க முதல்

யாழ்ப்பாணம் டவுனில் போன் திருத்தும் கடை ஒன்று, கனடாவிலிருந்து வந்த கலக்ஸி எஸ்22 அல்ட்ராவை ரூட் பண்ணித் தருவதாகச் சொல்லி முழுக் காசையும் முன்னரே வாங்கியிருக்கிறது. ரூட் என்றால் போனின் சிஸ்ரத்தையே மாற்ற முழு அதிகாரம் எடுப்பது. கொடுத்தவருக்குத் தேவைப்பட்டது, கூடவே வந்த வேண்டாத அப்புகளை அழிக்க ஒரு வழி. திரும்பிக் கிடைத்ததோ படங்களும் வட்ஸ்அப் உரையாடல்களும் துடைத்து எடுக்கப்பட்ட போன். முகப்பில் ‘சுப்பர் யூசர்’ என்று புதிதாக ஒரு அப். ரூட் மட்டும் இல்லை.

அந்த மொடல் இலக்கத்தைப் பார்த்தவுடனேயே கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். எஸ்எம்-எஸ்908டபிள்யூ. கடைசி எழுத்து டபிள்யூ என்றால் கனடா, யூ என்றால் அமெரிக்கா. இந்த இரண்டு நாட்டுக்கும் போகும் இந்த வரிசைப் போன்களில் பூட்லோடரை, அதாவது போன் தொடங்கும்போது சிஸ்ரத்தைச் சரிபார்த்து ஏற்றும் பகுதியை, திறக்க சாம்சங் வழி வைக்கவில்லை. பூட்லோடர் திறக்காமல் மஜிஸ்க் என்ற ரூட் கருவி ஏற்றிய பூட் (தொடக்க) கோப்பைப் போன் ஏற்காது.

வீட்டிலேயே பார்க்கலாம். செற்றிங்ஸில் அபவுட் போன், சொவ்ட்வெயார் இன்பர்மேஷன், அதில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டுங்கள். டிவலப்பர் ஒப்ஷன்ஸ் திறக்கும். அங்கே பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஈஎம் அன்லொக்கிங்’ என்ற வரி இருக்கிறதா? வேறு நாட்டு மொடல்களில் இன்ரநெற் இணைக்கும்வரை சிலவேளை அது ஒளிந்திருக்கும். கனடா மொடலில் வரவே வராது.

டேற்றா போனதற்குக் கடை சொன்ன காரணம், “ரூட் பண்ணினால் அழியும்தானே.” இங்கேதான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் பாதி உண்மை. பூட்லோடரை உண்மையாகத் திறந்தால் எல்லாம் அழியும். இங்கே நடந்தது வெறும் பக்ரரி ரீசெற், போனைப் புதிதுபோல் துடைப்பது.

பொய்யைப் பிடிக்க ஒரு திரை போதும். போனை நிறுத்தி, சத்தம் கூட்டும் குறைக்கும் பட்டன்கள் இரண்டையும் அமத்தியபடி கொம்பியூற்றரில் கேபிளைச் செருகுங்கள். எச்சரிக்கை வந்ததும் கூட்டும் பட்டனை ஒருமுறை மட்டும் தட்டுங்கள், அமத்திப் பிடிக்க வேண்டாம். ‘ஓஈஎம் லொக்’ (பூட்லோடர் பூட்டு) ‘ஒன்’, அதாவது போட்டபடி, என்றும் ‘வொறன்ரி வொய்ட்’ (மாற்றம் நடந்ததைக் காட்டும் குறி) பூச்சியம் என்றும் இருந்தால் அந்தப் போனில் மாற்றிய பூட் கோப்பு ஏறவில்லை. வெளியே வர, குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள்.

கூடுதல் பயம் அந்த ‘சுப்பர் யூசர்’ அப்தான். அக்செசிபிலிற்றி அனுமதியும் டிவைஸ் அட்மின் அனுமதியும் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தன. டிவைஸ் அட்மின் என்பது ரூட் அல்ல. ஆனால் அப்பை அழிக்க விடாமல் அது தடுக்கும். அக்செசிபிலிற்றியோ திரையில் வருவதை வாசிக்கும், நீங்கள் தட்டுவதுபோல் தானே தட்டும். வங்கி அப் உள்ள போனில் இது விளையாட்டில்லை. முதலில் இரண்டு அனுமதிகளையும் நிறுத்தி, பிறகு அப்பை அழியுங்கள். கடைக்குக் கொடுத்த கூகிள் பாஸ்வேட்டை வேறொரு போனிலிருந்து மாற்றி, கணக்கில் தெரியாத கருவிகளை வெளியேற்றுங்கள். வட்ஸ்அப்பின் லிங்க்ட் டிவைசஸையும் பாருங்கள்.

லண்டன், ஐரோப்பாவிலிருந்து வரும், ‘பி’ எழுத்தில் முடியும் மொடல்களில் ரூட் சாத்தியமாக இருந்தது. சாம்சங்கின் வன் யூஐ 8 மென்பொருள் பதிப்பு ஏறியதும் அந்தக் கதவும் மூடிவிட்டது. பழைய பதிப்பில் செய்தாலும் சாம்சங்கின் பாதுகாப்புக் குறியான நொக்ஸ் பியூஸ் எரிந்து, ‘வொறன்ரி வொய்ட்’டில் பார்த்த அந்தப் பூச்சியம் ஒன்றாகிவிடும். எந்தக் கடையாலும் திருப்ப முடியாது. கோப்புகளைப் பூட்டி வைக்கும் செக்கியூர் போல்டர் போகும், பல வங்கி அப்புகள் திறக்க மறுக்கும்.

வேண்டாத அப்பை நீக்க இவ்வளவும் தேவையில்லை. டிவலப்பர் ஒப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபகிங்கை இயக்கி, கொம்பியூற்றரில் ஏடிபி என்ற கருவி மூலம் உங்கள் பயனர் கணக்கிலிருந்து மட்டும் நீக்கலாம். செலவில்லை, நொக்ஸுக்கும் ஒன்றும் ஆகாது. பக்ரரி ரீசெற் பண்ணினால் அவை திரும்பி வரும், அவ்வளவுதான். பெயர் தெரியாத சிஸ்ரம் பக்கேஜ்களில் கை வைக்க வேண்டாம்.

அதே கடையின் பில்லில் ‘நெற்வேர்க் அன்லொக்’ (வேறு நிறுவன சிம்மும் வேலை செய்யத் திறப்பது) என்று தனியாக ஒரு தொகையும் இருந்தது. 2017 டிசம்பர் 1 முதல் கனடாவில் நிறுவனங்கள் புதுப் போன்களை லொக் இல்லாமல்தான் கொடுக்க வேண்டும். உள்ளூர் சிம் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு அந்தக் காசைத் திருப்பிக் கேளுங்கள்.