சிங்கப்பூரிலிருந்து செட்டிநாடு: எங்கே இறங்கினால் நல்லது?

வான்வழியாக அளந்தால் சிங்கப்பூருக்குச் சென்னைதான் கிட்டம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர், திருச்சி ஏறத்தாழ 3,000. எங்கே இறங்கினாலும் பயண நேரம் நாலு மணியை ஒட்டித்தான் வரும். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் விமானம் ஓடுபாதைக்கு உருண்டு போவதும், இறங்கி நிற்குமிடம் வருவதும் சேர்த்திதான்.

செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது இறங்கின பிறகு உள்ள தூரத்தை. சென்னையிலிருந்து காரைக்குடி நானூறு கிலோமீட்டருக்கு மேல். பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினாலும் ஆறு மணி நேரம் தாண்டிவிடும். திருச்சி விமான நிலையமோ புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது. நகருக்குள் நுழைய வேண்டாம். கீரனூர், புதுக்கோட்டை, திருமயம் என்று நேரே வந்தால் காரைக்குடி எண்பத்தைந்து கிலோமீட்டர் போல. மதுரையும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால் சிங்கப்பூர் விமானங்கள் திருச்சிக்குத்தான் அதிகம்.

முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகக் காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானுக்குப் போகக் கிளம்பியபோது, "சென்னைக்கு டிக்கெட் மலிவாமே, அப்படி வரலாமே" என்று பங்காளி வீட்டில் கேட்டார்கள். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. மிச்சமாகும் பணத்துக்காக அவர்களை இன்னொரு ஆறு மணி நேரம் உட்கார வைக்க எனக்கு மனமில்லை. திருச்சியில் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் விசாலமாக இருக்கிறது. டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டிருந்தோம்; விமானத்தின் வாசலிலேயே ஆள் நின்றார். குடிநுழைவு வரிசை, பெட்டி எடுப்பது எல்லாவற்றுக்கும் கூடவே வந்து வெளியே கொண்டுவந்து விட்டார். அந்தத் தம்பியை மனதார வாழ்த்துகிறேன்.

தவறு நடந்தது வெளியே வந்த பிறகு. இந்திய நேரம் இரண்டரை மணி பின்னால். சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குக் கிளம்பிய விமானம் திருச்சியில் 9.30க்கு இறங்கியது. நாங்கள் சொல்லியிருந்த வாடகைக் கார்க்காரர்கள் எட்டோடு நாலைக் கூட்டி நள்ளிரவுக்கு வண்டியை வைத்துவிட்டார்கள். இறங்கும் நேரத்தை எழுதியே அனுப்பியிருந்தும் இப்படி! வயதானவர்களை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் காத்து நிற்பது கொடுமை. கிளம்பும் நேரத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். 'இந்திய நேரம் இத்தனை மணிக்கு இறங்குகிறோம், ஒரு மணி நேரத்தில் வெளியே வருவோம்' என்று மட்டும் சொல்லுங்கள். விமானம் ஏறுமுன் ஓட்டுநரிடமே ஒருமுறை பேசிவிடுங்கள்.

காத்திருந்த நேரத்தில் ஆத்தா, அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலிருந்து ஓடிய ரஜூலா கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐயா அதில்தான் நாகப்பட்டினம் வந்து இறங்குவாராம், ஒரு வாரம் போலக் கடலில். இன்றைக்கு அதே தூரம் நாலு மணி நேரம். செட்டிநாட்டிலேயே இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைச் சரிசெய்து சிறிய விமானமாவது விட்டால் எத்தனை பெரியவர்களுக்கு உதவியாக இருக்கும்!

அப்புறம், திரும்பும்போது இதே கணக்கு தலைகீழ். இரவு 10 மணிக்குத் திருச்சியில் ஏறினால் சாங்கியில் விடியற்காலை 4.30. அன்றைக்கே வேலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் விடுப்பைச் சேர்த்தே போடுங்கள். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும் என்பதால், கானாடுகாத்தானிலிருந்து மாலை ஐந்து மணிக்கே வண்டி கிளம்பிவிட வேண்டும்.