ராமோஜியா, யுனிவர்சலா? பாட்டி முதல் பேரன் வரை

சினிமா பூங்காவுக்குக் குடும்பத்தோடு போவதென்றால் நம் ஊர்க்காரர்கள் பேச்சில் இரண்டு பெயர்கள் அடிபடும்: ஹைதராபாத் அருகே ராமோஜி ஃபிலிம் சிட்டி, சிங்கப்பூரின் செந்தோசா தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்.

ராமோஜி 1996-இல் தொடங்கிய நிஜமான படப்பிடிப்பு வளாகம். உலகிலேயே பெரியது என்று கின்னஸ் பதிவும் உண்டு. பேருந்தில் உட்கார்ந்தபடியே விமான நிலையம், ரயில் நிலையம், அரண்மனை என செட்டுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம். முட்டிவலிக்காரப் பாட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? "இந்த இடத்தை ஏதோ படத்தில் பார்த்தேனே" என்று அவரே வழிகாட்டி ஆகிவிடுவார். பதினைந்து வயதுப் பையன்தான் மதியத்துக்குள் கொட்டாவி விடுவான்.

யுனிவர்சலில் அப்படியே தலைகீழ். அங்கே உயரம்தான் சட்டம். 'மம்மி' ரோலர்கோஸ்டரில் ஏறக் குறைந்தது 122 செ.மீ., டிரான்ஸ்ஃபார்மர்ஸ் சவாரிக்கு 102 செ.மீ. வேண்டும். கிளம்பும் முன் வீட்டுச் சுவரிலேயே பிள்ளையை நிறுத்தி அளந்துவிடுங்கள். வாசலில் அழுகையைத் தவிர்க்கலாம். கைக்குழந்தை இருந்தால் பெற்றோர் மாறி மாறி ஏற வசதி உண்டு, மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் நடை, வெயில், திடீர் மழை... பெரியவர்களுக்குச் சக்கர நாற்காலி எடுத்துவிடுவதே நல்லது.

செலவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், விமான டிக்கெட்டிலேயே தெரிந்துவிடும்.

சரி, என் கணக்கு இதுதான்: பாட்டி, தாத்தாவுக்காகப் போகும் பயணம் என்றால் ராமோஜி. வீட்டில் பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தால் யுனிவர்சல்.