ஆரியங்காவுச் சாயாக்கடை: தேநீருக்கு மூன்று, காற்றுக்கு நாலே முக்கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே சாயா சுமார்தான். பால் கூடுதல், தூள் குறைவு, சர்க்கரை கேட்காமலே ஒரு கரண்டி அதிகம். செங்கோட்டையில் எங்கள் தெருமுனையிலேயே இதைவிட நல்ல தேநீர் கிடைக்கும். இருந்தும் ஒன்றரை ஆண்டாக மாதம் இரண்டு முறை நானும் அம்மாவும் கேரள எல்லை தாண்டி மலையேறி வந்து இந்தக் கடையில்தான் உட்காருகிறோம்.

அம்மாவுக்கு இளைப்பு. முப்பது வருடம் பீடி சுற்றினாள். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, தலையை மடக்கி, நூல் கட்டி, விளக்கு வைத்த பிறகும் சுற்றுவாள். ஒரு பீடியைக்கூட வாயில் வைத்தவள் அல்ல. குடித்தவர் அப்பா, அதுவும் எட்டடிக்குப் பத்தடி அறைக்குள். புனலூர் டாக்டர், "தூளும் காரணம், வீட்டுப் புகையும் காரணம். எது எவ்வளவு என்று இப்போது பிரிக்க முடியாது. இனிமேல் புகை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். மருந்துக்கடையில் இன்ஹேலர் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். கடைப்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அம்மாவைக் கூட்டிக்கொண்டு சாலையில் இறங்கியபோதுதான் புரிந்தது.

புளியரை எஸ் வளைவு தாண்டும்போது அம்மாவுக்கு நெஞ்சு அடைக்கும். சூடாக ஏதாவது குடித்தால் சரியாகும். ஆரம்பத்தில் மலையடிவாரத்தில் ஒரு கடையில் நிறுத்திப் பார்த்தோம். தூணில் தேங்காய் நார்க் கயிறு நுனியில் கனன்றுகொண்டு தொங்கியது, பீடி பற்றவைக்க. குடிக்க ஆளே இல்லாத நேரத்திலும் கயிறு புகைந்தது. பொது இடத்தில் சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் புகைப்பவருக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்கிறது விதி. கயிற்றைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று கடைக்காரர் நினைத்திருப்பார் போலும்.

அடுத்து, குளிர்சாதனம் போட்ட பெரிய உணவகம் ஒன்று. 'புகைப்போர் பகுதி' என்று தனியாகவே வைத்திருந்தார்கள். இடுப்பு உயர ஒட்டுப்பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, முப்பது இருக்கையோ அதற்கு மேலோ உள்ள உணவகம் அப்படி ஓர் இடம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான்கு பக்கமும் கூரை வரை சுவர் வேண்டும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு வேண்டும், புகையை நேரே வெளியே தள்ளும் ஏற்பாடு வேண்டும். இங்கே அந்தப் பக்கத்துச் சிகரெட் புகை தடுப்பின் மேலாக வந்து எங்கள் ஆப்பத்தில் இறங்கியது. ஒருவர் உள்ளிழுத்து ஊதுவதைவிட, இழுக்காத நேரத்தில் நுனியிலிருந்து சும்மா எழும் புகைதான் பக்கத்தில் இருப்பவருக்கு அதிகம் போய்ச் சேர்கிறது. அதிலுள்ள ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களில் குறைந்தது எழுபது புற்றுநோயைத் தரக்கூடியவை. மேலாளரிடம் சொன்னேன். மின்விசிறியைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

இப்போது நம் கடைக்கு வருவோம். பெயர் சொல்ல வழியில்லை, பெயர்ப்பலகையே கிடையாது. இருக்கும் ஒரே பலகை புகைபிடிக்கக் கூடாது என்பதுதான். மேலே மலையாளத்தில் அச்சிட்டிருக்கிறது. கீழே, தமிழ்நாட்டு டிரைவர்களுக்காகக் கடைக்காரர் தன் கைப்பட, 'புகை வலிக்க கூடாது' என்று எழுதியிருக்கிறார். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது. 1956 நவம்பர் 1 வரை எங்கள் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் என்பதால் அந்த அளவு மலையாளம் எங்களுக்கு வரும். அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறார் தம்பி. எனக்குப் புகை வலிக்கத்தான் செய்கிறது" என்றாள். அன்றிலிருந்து அவருக்கு அம்மாவைக் கண்டால் தனி மரியாதை.

கடைக்காரச் சேட்டனுக்கு அறுபதை ஒட்டிய வயது. ஒரு காலத்தில் நாளுக்கு இரண்டு பாக்கெட் ஊதியவர். 1999 ஜூலை 12 அன்று கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அரசியலமைப்புக்கே முரண், பக்கத்தில் இருப்பவரின் உயிர்வாழும் உரிமையைப் பறிப்பது என்று தீர்ப்புச் சொன்னது. மத்தியச் சட்டம் வருவதற்கு நாலு வருடம் முன்பே. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் தேவகோட்டைக்காரரான நீதிபதி ஏ.ஆர். லட்சுமணன் என்பதைச் சேட்டனிடம் நான் சொல்லாத நாள் இல்லை. அந்தத் தீர்ப்பு வந்த மாதமே பஸ் நிலையத்தில் கையில் சிகரெட்டோடு போலீசில் மாட்டினாராம். "அதனால் விட்டீர்களா?" என்று கேட்டேன். "எங்கே! அதற்குப் பிறகும் பத்து வருடம் ஒளிந்து ஒளிந்து குடித்தேன் சேச்சி" என்றார்.

கடையில் பீடி, சிகரெட் விற்பனை இல்லை. சாயாவும் சிகரெட்டும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது லாரிக்காரர்களின் கணக்கு. அதனால் பாதி லாரிகள் போய்விட்டன, குழந்தைகளோடு வரும் கார்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன என்றார். இரண்டும் சரிக்குச் சரியா என்றதற்குப் பதில் சொல்லாமல் பாலை ஆற்றினார். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகளைத்தான் அதிகம் விரட்ட வேண்டியிருக்கிறதாம்.

காற்றுக்கு ஐந்தில் கால் மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், பீடி குடிப்பவர்கள் உட்கார வெளியே ஒரு பலகை போட்டிருந்தார். அது மேற்குச் சன்னலுக்கு நேர் கீழே. ஆடியில் கணவாய்க்குள் மேல்காற்று கிளம்பினால் வெளியே விட்ட புகை முழுவதும் சன்னல் வழியாக மேசைக்கு வந்துவிடும். பலகை வைத்துவிட்டோம் என்று மனிதர் நிம்மதியாக இருந்தார், காற்றின் திசையைப் பார்க்கவில்லை. நான் விளக்கிச் சொன்னபோது தலையாட்டினார், பலகை நகரவில்லை. அம்மாதான் எழுந்து போய், சன்னலடியில் கிடந்த துண்டுப் பீடிகளைப் பொறுக்கி அவர் கல்லாவில் வரிசையாக வைத்தாள். "பதினான்கு. எல்லாம் நல்ல இறுக்கமான சுற்று, கடைசிவரை புகைந்திருக்கும். அத்தனையும் எனக்குள் போயிருக்கிறது" என்றாள். அடுத்த முறை நாங்கள் வந்தபோது பலகை கிழக்கே பலாமரத்தடிக்குப் போயிருந்தது. மழை பிடித்தால் மட்டும் இன்றும் எல்லோரும் தாழ்வாரத்தில் வந்து ஒண்டுகிறார்கள், சேட்டன் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுகிறார்.

மற்றபடி, குடிக்கப் பதிமுகம் என்ற மரச்சீவல் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் தாராளம். புட்டும் கடலைக்கறியும் காலை ஒன்பது மணி வரை. கழிப்பறை சுத்தம், சாவியைக் கேட்டு வாங்க வேண்டும். கார் இரண்டுக்கு மேல் நிற்காது.

போன முறை ஓர் இளைஞர், லாரிக்காரர், பற்றவைக்காத பீடியை உதட்டில் வைத்தபடியே உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து தீப்பெட்டியைத் தேடினார். சேட்டன் வாயைத் திறக்கும் முன் அம்மா, "தம்பி, அது என் கையால் சுற்றியதாகவே இருந்தாலும் பலாமரத்தடிதான்" என்றாள். அவர் பீடியை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு பழம்பொரி கேட்டார். அதை மட்டும் பதினொரு மணிக்குள் கேட்டுவிடுங்கள், அப்புறம் தீர்ந்துவிடும். சாயாவுக்குச் சர்க்கரையைத் தனியாகத் தரச் சொல்லுங்கள்.